உப்புத் தண்ணீரில் உமிச் சாம்பல்

நெல் ஆலையில் உமிக்கு மதிப்பு இல்லை. அரிசி மூட்டையாகிப் போய்விடும். தவிட்டைக் கோழி வளர்க்கும் சீனர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். உமி மட்டும் கொட்டிய இடத்திலேயே கிடக்கும். ஈப்போவிலிருந்து பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் சாலையில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஆலையில், அதைப் பின்புறப் பள்ளத்தில் கொட்டி நெருப்பு வைத்துவிடுவோம். உமி கொழுந்துவிட்டு எரிவதில்லை. உள்ளுக்குள் கனன்று, நாள்கணக்கில் புகைந்து, மேலே கறுத்து, அடியில் சாம்பல் நிறமாக அடங்கும். மழை பெய்தாலும் மேல்தோல்தான் நனையும். கோலை விட்டுக் கிளறினால் உள்ளே அனல் இருக்கும். என் அறையின் ஒரே சன்னல் அந்தக் குவியலைப் பார்த்திருந்தது.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் கழித்துவிட்ட காலத்துக்குச் சற்றுப் பிந்தி. அதற்கு முன் நான் பினாங்கில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இருந்தேன். பிழை திருத்துவது என் வேலை. துறைமுகத்துக்குப் போய் எந்தக் கப்பல் வந்தது, யார் இறங்கினார்கள் என்று எழுதுவதும் என் வேலைதான். பத்திரிகை நின்றது. ஈப்போப் பக்கம் ஒரு ராவுத்தரின் ஆலைக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். வந்து சேர்ந்தேன்.

ஆலையில் ஆட்களுக்குக் குறைவில்லை. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் சீனர். நெல் கொண்டுவருபவர்கள் மலாய்க்காரர்கள். மூட்டை தூக்குபவர்கள் நம் ஆட்கள். நான் கிட்டே போனால் நம் ஆட்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு எழுந்து நிற்பார்கள். ராவுத்தர் மாலையில் தம் வீட்டுக்குப் போய்விடுவார். எனக்கு ஊரில் தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் நம் முஸ்லிம் ஒருவர், எல்லாருக்கும் நானா, தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நாள் முழுக்கப் பேசிய பேச்சு, அவரிடம் "ஒரு தேத்தண்ணி" என்று கேட்டது மட்டுமாக இருக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியாக மடித்த கோணிப்பையுடன் ஒருவர் ஆலை வாசலில் நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. விரல் நுனிகள் வெடித்துச் சிவந்திருந்தன. சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்கிறவர் என்று கேட்காமலே தெரிந்தது. ஈப்போவைச் சுற்றி நிற்கும் வெள்ளைப் பாறை மலைகளில் ஒன்றின் அடியில் ஒரு தவுக்கேயின், சீன முதலாளியின், காளவாய் இருந்தது. ஆலையிலிருந்து நடக்கும் தூரம்தான்.

"கிராணி, அந்தச் சாம்பல கொஞ்சம் அள்ளிக்கட்டுமா?"

"எதுக்கு, பாத்திரம் வெளக்கவா?"

"சிமிட்டியில கலக்கறதுக்கு."

குடித்திருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். குடிக்கவில்லை. பத்திரிகைக்காரனாக இருந்த பழக்கத்தில், யார், எங்கே, ஏன் என்று கேட்டேன். அவர் அதற்காகக் காத்திருந்தவர்போல், பையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்து சொன்னார்.

அவரும் மனைவியும் லூமுட் போகும் வழியில் ஒரு கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். முழுநாள் வேலைக்குக் கங்காணி அரைநாள் பேர் போட்டதால் இவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். ஆட்களைக் கழிக்கும் நேரம் வந்தபோது கங்காணி முதலில் இவர் பெயரை வெட்டினார். மனைவி நன்றாக மரம் வெட்டுகிறவள் என்பதால் அவளை விடவில்லை. பெயர் இல்லாதவன் கூலிகளின் லயத்து வீட்டில் படுக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். ஒருமுறை இருட்டியபின் உள்ளே போனவரைக் காவல்காரன் நாயைவிட்டுத் துரத்தியிருக்கிறான்.

"சம்பளத்துக்கு மறுநாளு அவ சித்தியவான் கடைத்தெருவுக்கு வருவா. நானும் போவேன். மீன்கடைக்கு முன்னால நின்னு பேசிக்கிறோம். கல்யாணம் கட்டின பொண்டாட்டிகிட்ட மீன் வாங்க வந்தவன் மாதிரிப் பேச வேண்டியிருக்கு."

"அவங்க வேலைய விட்டுட்டு இங்க வந்துரலாமே."

"எங்க வர்றது கிராணி? காளவாயில சீனங்க எல்லாரும் ஒரே பரண்ல படுக்கறாங்க. அதுல ஒரு ஓரம் எனக்கு. பொம்பளைக்கு எங்க எடம்?"

லூமுட்டில் அப்போது கடலோரமாக ஒரு படித்துறையும் சுவரும் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டும் காண்ட்ராக்டர் நம் ஆள், ஈப்போவில் வீடு உள்ளவர். சுண்ணாம்பு வாங்கக் காளவாய்க்கு வந்தவரிடம் இவர் வேலை கேட்டிருக்கிறார். மண் சுமக்க ஆள் வேண்டிய அளவுக்கு இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்புறம், வண்டியில் ஏறும்போது, கப்பலில் வரும் சிமெண்டுக்குத்தான் தன் காசெல்லாம் போகிறது என்று அலுத்துக்கொண்டே ஒரு வார்த்தை விட்டுப் போயிருக்கிறார்.

"சிமிட்டி கம்மியாப் போட்டு, கடல் தண்ணியில கரையாத கட்டி ஒண்ணு பண்ணிக் காட்டு, உன்ன மேஸ்திரியா எடுத்துக்கிறேன்னாரு."

"வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு."

"வெளையாட்டாவே இருக்கட்டும். சொன்னாருல்ல. லூமுட்ல வேலை கெடச்சா ஒரு ரூம் எடுத்துருவேன். அவ தோட்டத்த விட்டு வந்துருவா."

உமிச் சாம்பல் யோசனை எங்கிருந்து வந்தது என்றும் கேட்டேன். ஊரில் சின்ன வயதில் யாரோ தண்ணீர்த் தொட்டி கட்டும்போது சுண்ணாம்பில் உமிச் சாம்பலைக் கொட்டியதைப் பார்த்த நினைவு. எவ்வளவு, எப்படி, எதுவும் தெரியாது. கொட்டினார்கள், தொட்டி நின்றது. அவ்வளவுதான்.

சாம்பலை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ராவுத்தரிடம் கேட்டதற்கு, குவியல் முழுவதையும் கொண்டுபோனால் இன்னும் சந்தோஷம் என்றார்.

அடுத்த ஞாயிறு முதல் அவர் என் அறைக்குப் பின்னால் இருந்த தாழ்வாரத்தில் வேலையைத் தொடங்கினார். காளவாயில் எதையாவது கலந்துகொண்டிருந்தால் தவுக்கே கத்துவாராம். சிமெண்ட் அவர் கையில் கொஞ்சம்தான் இருந்தது. ஈப்போவில் ஒரு கடையில் உடைந்த பீப்பாயிலிருந்து கொட்டியதைக் கூட்டி அள்ளி வந்திருந்தார். சுண்ணாம்புக்குக் குறைவில்லை. அளக்கக் காலிப் பால் டின். ஒரு டின் சிமெண்டு, அதற்கு மேல் சுண்ணாம்பு, சாம்பல், மணல். தேங்காய்ச் சிரட்டையில் எண்ணெய் தடவி, குழைத்ததை அதில் அழுத்தி வைத்தால் இறுகியபின் கவிழ்த்து எடுக்கலாம்.

சாம்பலை மாவாக அரைக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். நானாவிடம் பழைய அம்மி ஒன்றை இரவல் கேட்டோம். அவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார், வேடிக்கை பார்க்க.

"என்ன கிராணி, சாம்பல்ல சட்னியா?"

"ஆமா நானா. உங்க கடைக்கு ரொட்டியோட குடுக்கலாம்."

"குடுக்கலாம்லா. என் குழம்புக்கு இது தேவலைன்னு சொல்றவங்க இருக்காங்க."

சுண்ணாம்புக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தத் தாழ்வாரத்தில் மூன்று பேர் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. குழவியை இழுத்து இழுத்து அவருக்குக் கை ஓய்ந்தபோது நான் வாங்கி அரைத்தேன். என் வெள்ளைச் சட்டையின் கை சாம்பலானது. திங்கட்கிழமை மூட்டை தூக்குகிறவர்கள் அதைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் நாங்கள் அரைத்தது குவியலில் கிடந்த சாம்பல் இல்லை. அதைச் சொல்ல வேண்டும்.

குவியலில் இருந்தது சாம்பல் நிறமாக, இடையிடையே கறுப்புப் புள்ளியோடு இருக்கும். கையில் எடுத்துப் பார்த்ததுமே அவர் தலையை ஆட்டினார். "இது வேகாத நீறு," என்றார். அதை ஒரு சட்டியில் போட்டு, காளவாய்க்குக் கொண்டுபோய், சுண்ணாம்புக் கல்லோடு வைத்து மறுபடி சுட்டுவிட்டுத்தான் கொண்டுவந்தார். வந்தது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

நம் ஆட்கள் யாரைக் கேட்டாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். சாணத்தை உருட்டிக் காயவைத்து உமி மூட்டத்தில் சுட்டால் முதலில் கறுப்பாக வரும். இன்னும் சுட்டால் வெளுக்கும். வெளுத்தால்தான் திருநீறு. கறுப்பை யாரும் நெற்றியில் இடமாட்டார்கள். வெள்ளையாக இருப்பதே நன்றாக வெந்தது, சுத்தமானது, வேலைக்கு ஆவது என்று எங்கள் கண் பழகியிருந்தது. பிழை திருத்திய எனக்கு இன்னொன்றும் தோன்றியது. நீறு என்றால் சாம்பல். நீற்றிய சுண்ணாம்பும் நீறுதான். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் இருக்கும்போது இரண்டும் சேர்ந்தால் பொருந்திப் போகும் என்று நினைத்தேன். அவரிடம் சொன்னேன். "அதானே," என்றார். இப்படி இரண்டு பேருமாகச் சேர்ந்து தவறினோம்.

முதல் கட்டிகள் பார்க்க அழகாக இருந்தன. கவிழ்த்து வைத்தபோது கோயில் தட்டில் வைக்கலாம்போல இருந்தது. ஈரக் கோணியால் மூடிச் சில நாள் வைத்திருந்தபின், மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் ஊற்றி, கடலைப்போல் கரிக்கும்வரை உப்பைக் கரைத்து, அதில் இறக்கினோம். அவர் காளவாய்க்குப் போனபின் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. மறுநாள் காலையில் தண்ணீர் மோர்போல் கலங்கியிருந்தது. கட்டியின் ஓரம் உதிர்ந்திருந்தது. விரலால் அமுக்கினேன், உள்ளே போனது.

நானா எட்டிப் பார்த்தார். "கஞ்சி வச்சிருக்கீங்க."

அடுத்த ஞாயிறு அவரிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். தண்ணீர் எப்போது கலங்கியது, எந்தப் பக்கம் முதலில் உதிர்ந்தது, எவ்வளவு அழுத்தினால் விரல் இறங்கியது. அவர் கவனமாகக் கேட்டார். "சரியா வேகல. இன்னும் சுடணும்," என்றார். அடுத்த தடவை இன்னும் அதிக நேரம் சுட்டுக் கொண்டுவந்தார். அது இன்னும் வெள்ளை. குழவியின் கீழ் நறநறவென்றது. கட்டி முன்னதைவிடச் சீக்கிரம் கரைந்தது. சுண்ணாம்பைக் குறைத்துப் பார்த்தார், மணலைச் சலித்துப் பார்த்தார். சாம்பலை மட்டும் மாற்றவில்லை, வெளுப்பை ஏற்றிக்கொண்டே போனார்.

இப்படியே பல ஞாயிறுகள் போயின. காலையில் வருவார், நானா கடையில் இருவரும் தேத்தண்ணி குடிப்போம், அரைப்போம், குழைப்போம். மத்தியானம் என் அடுப்பில் சோறு வைப்போம். அவர் கருவாடு கொண்டுவருவார். மனைவியைப் பற்றிப் பேசுவார். அவள் கோபக்காரி. குழம்பில் கிடந்த எலும்புத்துண்டை இவர் எடுத்துக்கொண்டதற்கு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தவள். அவள் வெட்டினால் மரத்துக்குக் காயம் படாது என்று துரையே சொன்னாராம். மாலையில் காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு போவார். அவர் சாலைத் திருப்பத்தில் மறைகிறவரை நான் வாசலில் நிற்பேன். வார நாட்களில் டின்னைப் பார்ப்பது என் வேலையானது. ஆலையில் யாராவது என்னிடம் அந்த வேலையைப் பற்றிக் கேட்டிருந்தால், கட்டி கரைந்துவிட்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு என்று சொல்லியிருப்பேன். அது உண்மை. ஆனால் கரைந்த கட்டி இன்னொரு ஞாயிற்றுக்கிழமை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு தடவை சித்தியவான் போய் வந்தவர் முகம் சரியாக இல்லை. மனைவி, இனிமேல் இப்படிச் சந்தையில் நின்று பேசுவது வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். லயத்தில் சிரிக்கிறார்களாம். தன் அண்ணன் ஊருக்குக் கப்பல் ஏறப்போகிறான், தானும் அவனோடு போய்விடுகிறேன் என்றாளாம்.

"கப்பல் எப்போ?"

"சீனப் பெருநாளு கழிஞ்சு." பெருநாளுக்கு வேலை நிற்பதால் ஈப்போ வீட்டுக்கு வரும் காண்ட்ராக்டர், அது முடிந்ததும் லூமுட் திரும்புமுன் காளவாய்க்கு வருவார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குள் கட்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் அவளைத் தடுத்து நிறுத்தச் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இருக்காது.

பெருநாள் வந்தது. தவுக்கே காளவாயை அணைத்துவிட்டு ஆட்களுக்கு லீவு விட்டார். ஊர் முழுக்கப் பட்டாசு. சுண்ணாம்புக்காரர் காலையிலேயே என் அறைக்கு வந்துவிட்டார், கையில் வெறும் சட்டியோடு.

"அடுப்பு அணைஞ்சு கெடக்கு. எங்க சுடறது?"

ஆலையும் மூடியிருந்தது, இயந்திரம் ஓட்டும் சீனர் இல்லாமல் அது ஓடாது. என் சோற்று அடுப்பில் ஒரு கை அளவு சுட்டுப் பார்த்தோம். கறுப்பாகவே இருந்தது. அவர் குவியலுக்குப் போய் அடியைத் தோண்டி, ஆறிய சாம்பலை இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தார்.

"கறுப்பு நீறு காரியத்துக்கு ஆவாது," என்றார். பிறகு, "வேற என்ன இருக்கு," என்றார்.

அதையே அரைத்தோம். வெள்ளையைப்போல் நறநறக்கவில்லை, குழவியின் கீழ் மெத்தென்று மசிந்தது. அதை இரண்டு பேருமே கவனித்தோம். குழைத்தது அழுக்குச் சேறுபோல் இருந்தது. சிரட்டைகளை நிரப்பினோம். முன்பு செய்து மீதியிருந்த வெள்ளைக் கட்டிகள் இரண்டையும் பக்கத்திலேயே வைத்தேன். அவர் அன்று சாப்பிடவில்லை. சாமி முன்னால் கறுப்புத் திருநீறை வைத்துவிட்டவன்போல் இருந்தார்.

காளவாய் மறுபடி மூட்டப்பட்டது. அவர் வேலைக்குப் போய்விட்டார். கட்டிகளைக் கோணியின் கீழ் ஈரமாகவே வைத்திருந்து, இறுகியதும் கவிழ்த்து எடுத்தேன். ஒரு டின்னில் வெள்ளை, இன்னொரு டின்னில் கறுப்பு. உப்பை நானாவிடம் வாங்கி இரண்டிலும் கரைத்தேன்.

மறுநாள் காலை வெள்ளை இருந்த டின் வழக்கம்போல் கலங்கியிருந்தது. கறுப்பு இருந்ததில் டின்னின் அடித்தகரம் தெரிந்தது. உப்புப் போட மறந்துவிட்டேனா என்று விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஓர் ஆணியால் கட்டியின் மேல் கீறினேன், ஆணி வழுக்கியது. எடுத்துத் துடைத்து, தாழ்வாரத்துக் கல்லின்மேல் இடுப்பு உயரத்திலிருந்து விட்டேன். உருண்டு ஓரமாக நின்றது. விளிம்பு கொஞ்சம் பெயர்ந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அப்போது முற்பகல். ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொஞ்சநேரம் நின்றேன். அவர் வருவதற்கு ஞாயிறு வரை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம். அதற்குள் காண்ட்ராக்டர் வந்து போயிருப்பார். வரவில்லை என்றால் அது சுண்ணாம்புக்காரரின் அதிர்ஷ்டம். இன்னும் சில நாள் ஊறட்டும், அவசரப்பட்டு ஒரு மனிதனுக்கு ஆசை காட்டக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள நல்ல காரணமும் கிடைத்தது. என் அறையைத் தேடி வருகிற ஆள் அவர் ஒருவர்தான் என்பதையும் அப்போது யோசித்தேன்.

ஆனால் பார்த்ததைச் சொல்வதற்கு மட்டுமே நான் பழக்கப்பட்டிருந்தேன். துறைமுகத்தில் கப்பல் வந்துவிட்டது என்று தெரிந்தபின் அதை நாளைக்கு எழுதுவோம் என்று வைத்துக்கொண்டதில்லை. ராவுத்தரிடம் மத்தியானம் வரை விடுப்புக் கேட்டு, கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

காளவாய்ப் பக்கத்து மரங்கள் இலை முதல் வேர் வரை வெளுத்திருந்தன. அவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கல் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கினார்.

"என்ன கிராணி, ஆலை தீப்பிடிச்சிருச்சா?"

"கலங்கலைண்ணே."

"எது?"

"கறுப்பு. தண்ணி தெளிவா இருக்கு. ஆணி எறங்கல. கல்லுல போட்டேன், ஒடையல."

துணியைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு திரும்பி, காளவாய்ச் சுவரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சுவரில் காரை பெயர்ந்தது.

"உப்புப் போட்டீங்களா?"

"நாக்குல வச்சுப் பார்த்தேன்."

"வெள்ளை?"

"கரைஞ்சு போச்சு."

அவர் தலையிலிருந்த சாக்கை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்ததில் முகம் இன்னும் வெள்ளையானது. "இத்தன நாளு நல்லாச் சுட்டுச் சுட்டுக் கெடுத்திருக்கேன்," என்றார்.

அது உண்மைதான். ஏன் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பல வருஷங்களுக்குப் பின் ஒரு இன்ஜினீயர் எனக்கு விளக்கினார். உமியில் மணலின் சத்து இருக்கிறதாம். மெதுவாக எரிந்த சாம்பலில் அது சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் குணத்தோடு இருக்கும்; அதையே பெருந்தீயில் சுட்டால் வெறும் மணலாகப் போய்விடும், எதோடும் சேராது. கறுப்புப் புள்ளி கரிதான், அதனால் பெரிய கெடுதல் இல்லை. இதைச் சொல்ல அவருக்கு ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரம் பிடித்தது.

காண்ட்ராக்டர் இரண்டு நாளில் வந்தார். நான் அப்போது அங்கே இல்லை. பிறகு கேட்டதை எழுதுகிறேன். கட்டியைக் காட்டியதும், தாம் அப்படிச் சொன்னதே நினைவில்லை என்றாராம். அப்புறம் அதைக் காலடியில் போட்டுப் பூட்ஸால் மிதித்திருக்கிறார்.

"என்னய்யா, எருமைச் சாணி மாதிரி இருக்கு?"

"கடலுக்கு அழகு எதுக்கு மொதலாளி?"

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. கட்டியை எடுத்துப்போய், வலையில் கட்டி, லூமுட்டில் அலை அடிக்கும் மரத்தூணில் தொங்கவிட்டுப் பார்க்கிறேன் என்று போனார். சுண்ணாம்புக்காரர் அன்றே சித்தியவான் புறப்பட்டார். சந்தை நாள் இல்லை. தோட்டத்து எல்லையில், மரம் வெட்டிவிட்டு வரும் வழியில் காத்திருந்து, அண்ணனோடு கப்பல் ஏறுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடு என்று கேட்டிருக்கிறார். என்ன வேலை என்று அவள் கேட்டாளாம். சாம்பல் வேலை என்றாராம். அவள் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அண்ணன் தனியாகத்தான் கப்பல் ஏறினார்.

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் அவர் அரைக்கவில்லை. அரைக்க ஒன்றும் இல்லை. வந்து உட்கார்ந்திருப்பார்; சாலையில் லோரி சத்தம் கேட்டால் எழுந்து பார்ப்பார். மழை தொடங்குகிற சமயத்தில் லோரி வந்தது. காண்ட்ராக்டரின் ஆள் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தபடியே, சாம்பலை ஏற்று, நீயும் ஏறு என்றான். கட்டி கடலில் நின்றுவிட்டது. காளவாய்க்குப் போய்த் தம் துணியை எடுத்துவர மட்டும் நேரம் கேட்டார். வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"வாரேன் கிராணி."

"போயிட்டு வாங்கண்ணே."

நானா கடையிலிருந்தே கையை உயர்த்தினார். அம்மி அவரிடமே திரும்பிப் போனது. அதில் அரைத்த மிளகாயில் கொஞ்சநாள் சாம்பல் வாடை அடித்தது என்று புகார் சொன்னார்.

பிறகு அந்த லோரி அடிக்கடி வந்தது. குவியல் முதல் தடவையாகக் குறைந்தது. ராவுத்தர் இப்போது அதற்கு ஒரு சிறு விலை வைத்தார். சாம்பலுக்கும் நான் துண்டுச் சீட்டு எழுதினேன். கறுப்பை அப்படியே எடுக்க வேண்டும், வெளுக்கச் சுடக் கூடாது என்று டிரைவரிடம் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அவன் சாம்பலைச் சுடுகிறவன் இல்லை. "சரிங்க," என்பான். சுண்ணாம்புக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். நல்லா இருக்காரு என்பான். அவனுக்கு அதற்குமேல் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி ஆயின. இல்லை, பழையபடி என்று சொல்ல முடியாது. முன்பு தாழ்வாரத்தில் யாரும் இருந்ததில்லை. இப்போது அங்கே ஒருவர் இல்லாமல் இருந்தார்.

ஒரு நாள் லோரியில் நானும் ஏறிக்கொண்டேன். சாம்பல் மூட்டைகளை அளந்து ஒப்படைக்க வேண்டும் என்று ராவுத்தரிடம் சொன்னேன். அப்படி ஒரு அவசியம் இல்லை என்று அவருக்குத் தெரியும். போய் வாங்க என்றார்.

லூமுட்டில் சுவர் கடலுக்குள் கொஞ்சதூரம் நீண்டிருந்தது. நம் சாம்பல் போட்ட பகுதி மற்றதைவிடக் கறுத்திருந்தது. எங்கே தொடங்குகிறது என்று தூரத்திலிருந்தே சொல்லலாம். அலை ஏறி இறங்கியது. சுண்ணாம்புக்காரர், இனி அவரை அப்படிச் சொல்லக் கூடாது, தலைப்பாகை கட்டிக்கொண்டு ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, இறங்கி வந்தார். மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மீன் காயப்போடும் களத்துக்குப் பின்னால் பலகை அறை ஒன்று. வாசலில் அவர் மனைவி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். குள்ளமானவள். அவளும் இப்போது சுவர் வேலையில் மணல் சுமக்கிறாள்.

சோறு போட்டாள். கொஞ்சநேரம் எனக்காக மரியாதையாக இருந்தார்கள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"நீங்களே கேளுங்க, கிராணியாரே. காலைக் கழுவாம உள்ள வர்றாரு. பாயி பூராச் சாம்பலு."

"கழுவிட்டுத்தான் வர்றேன்."

"ஒரு காலக் கழுவறாரு. பாயில குறுக்கால படுக்கறாரு. எத்தனை தடவ தள்ளிவிடறது? தனியாப் படுத்துப் பழகின ஆளு, இன்னொருத்தி இருக்கான்னு தூக்கத்துல தெரியமாட்டேங்குது."

"நான் நேராத்தான் படுக்கறேன். நீதான் கோணலாப் படுக்கற."

"யாரு, நானா கோணல்?"

அவர்கள் இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். யார் நேராகப் படுக்கிறார்கள் என்று குரல் ஏறியது. மீன் குழம்பில் புளி அதிகம் என்பதும் அதில் சேர்ந்துகொண்டது. நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். வெளியே டிரைவர் ஹார்ன் அடித்தான்.

திரும்பும் வழியில் காலிக் கோணிகளின்மேல் உட்கார்ந்திருந்தேன். சித்தியவான் கடைத்தெரு தாண்டியது. நான் எப்படிப் படுக்கிறேன், நேராகவா குறுக்காகவா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடிய ஆள் யாரும் இருந்ததில்லை.